செப்புத் திருமேனிக் கூடத்தில் ஈரப்பதம்: ஏ.சி. போட்டும் பச்சைத் தூள் ஏன் வருகிறது?

கடலோர ஊர்களில் கெடுதல் செய்வது இரவில் அணைக்கிற ஏ.சி.தான். பகல் முழுக்க 24 டிகிரியில் குளிர்ந்த சிலையின் மேல், ஏ.சி.யை அணைத்துக் கூடத்தைத் திறந்ததும் 32 டிகிரி, 70% ஈரப்பதமுள்ள வெளிக்காற்று படுகிறது. அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 டிகிரி. சிலையில் நீர் கோக்காமல் என்ன செய்யும்? மண்ணில் புதைந்து கிடந்த செம்பில் குளோரைடு ஏற்கெனவே ஊறியிருக்கும். ஈரம் கிடைத்தால் வெளிர்பச்சைத் தூள் கிளம்பிவிடும். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்ததும் இப்படி அரித்த படிமங்களுக்குத்தான். 24 மணி நேரமும் ஓட்ட முடியாதென்றால், ஏ.சி. இல்லாமல் மின்விசிறியோடு விடுவதே மேல்.

*

மேலே சார் சொல்வது சரி. ஏ.சி. விடாமல் ஓடும் கூடத்திலும் ஒரு கோளாறு உண்டு. தேவைக்கு மேல் டன் உள்ள ஏ.சி. சீக்கிரம் குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஃபேன் மட்டும் சுற்றும்போது காயிலில் தேங்கிய நீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும். ஃபேனை ‘ஆட்டோ’வில் வையுங்கள். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபயர் வாங்கினால் வடிகுழாய் இணைத்தே ஆக வேண்டும். தொட்டி நிரம்பினால் நடுராத்திரியில் தானே நின்றுவிடும்.

*

கூடம் முழுவதையும் உலர்த்தப் பார்ப்பது வீண் செலவு. ஓலைச்சுவடிக்கு 50–60% வேண்டும், பச்சைத் தூள் கிளம்பிய செம்புக்கு 40%-க்குக் கீழே வேண்டும். ஒரே அறையில் இரண்டும் நடக்காது. சிலை இருக்கும் கண்ணாடிப் பெட்டியை மட்டும் உலர்த்துங்கள். கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) என்பது பழைய கணக்கு: 1.2 × 0.8 × 0.8 மீட்டர் பெட்டிக்குச் சுமார் 15 கிலோ. பீடத்துக்கு அடியில் அகலமான தட்டில் மெல்லிதாகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் அடியில் இருப்பது வேலை செய்யாது. ஆரஞ்சு நிற ஜெல்லே போதும், கோபால்ட் கலந்த நீல ஜெல் வேண்டாம். நிறம் மாறியதும் 120 டிகிரிக்கு மிகாமல் சில மணி நேரம் சுட்டு, மூடிய டப்பாவில் ஆறவிட்டுப் போடுங்கள்.

கண்ணாடி இடுக்கை அடைக்கும் சிலிகானில் புளிக்காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலம், உலோகத்தை அரிக்கும். அந்த அமிலம் வராத ‘நியூட்ரல் கியூர்’ சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் பிளைவுட்டும் கூடாது.

*

இவ்வளவும் செய்துவிட்டு ஈரப்பதம் காட்டும் மீட்டர் பொய் சொன்னால் பயனில்லை. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் ஓர் இரவு மூடி வையுங்கள். 75% காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த 5-ஐக் கழித்துப் படியுங்கள். ஆனால் 75-இல் சரியாகக் காட்டும் மீட்டர் 35-இல் தவறலாம். செம்புப் பெட்டிக்கு உப்புக்குப் பதில் மக்னீசியம் குளோரைடை இதேபோல வைத்தும் ஒருமுறை பாருங்கள். அதற்கு 33% வரவேண்டும்.