நாலு வயதுப் பிள்ளையிடம் நேர்காணல்: எதைக் கேட்டாலும் "ஆமாம்"

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம். கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மழலையர் பள்ளியில் விளையாட்டு நேரத்தைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தலைப்பு. நாலு, ஐந்து வயதுக்காரர்கள். டீச்சர்களையும் பெற்றோரையும் கேட்டு எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை, பிள்ளைகளே சொல்ல வேண்டும்.

முன்னோட்டமாகச் சிலரிடம் பேசிப் பார்த்தேன். "வெளியே விளையாடப் பிடிக்குமா?" ஆமாம். "உள்ளே விளையாடப் பிடிக்குமா?" ஆமாம். "ஏன் பிடிக்கும்?" பேச்சே இல்லை. ஒரு பையன் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கதவருகே நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். "இந்த வயதில் நேர்காணல் எடுபடாது, கவனித்து எழுதுங்கள் போதும்" என்கிறார் நெறியாளர். அப்படியே விட்டுவிடலாமா? பெற்றோர் கையெழுத்தும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் கையில் இருக்கின்றன.

பழைய ஒலிநாடா:

விட வேண்டாம். ஆனால் இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு போகவும் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1980இல் ஹியூஸ், கிரீவ் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே அபத்தமாகக் கேட்டார்கள். பால் தண்ணீரைவிடப் பெரியதா? சிவப்பு மஞ்சளைவிடக் கனமா? பெரும்பாலான பிள்ளைகள் சளைக்காமல் பதில் சொன்னார்கள். பிள்ளைக்கு அறிவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரியவர் கேட்டால் அதற்கு ஒரு பதில் இருந்தே தீரும் என்று அது நம்புகிறது. நம்பாமல் என்ன செய்யும்? "இது என்ன நிறம்?" என்று டீச்சர் நாள் முழுக்கக் கேட்பது நிறம் தெரியாமலா?

நீங்களும் இன்னொரு டீச்சராகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் அதை உடைக்க வேண்டும். சாட்சியாக வரும் குழந்தைகளை விசாரிப்பதற்காக உளவியலாளர் மைக்கேல் லாம்ப் குழுவினர் வகுத்த முறையில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஆரம்பத்திலேயே "என் நாயின் பெயர் என்ன?" என்பது போல ஒன்றைக் கேட்பார்கள். பிள்ளை விழிக்கும். "உனக்குத் தெரியாது இல்லையா, அப்படின்னா தெரியாதுன்னு சொல்லலாம்" என்று பழக்குவார்கள். அடுத்து, ஐந்து வயதுப் பையனிடம் "நீ ரெண்டு வயசுப் பாப்பாதானே?" என்று கேட்பது. அவன் சீறிக்கொண்டு "இல்ல!" என்பான். அந்த "இல்ல" ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு பிடிக்குமா, கிடிக்குமா எல்லாம் வேண்டாம். "இன்னிக்கு வெளியே போனியே, என்ன நடந்தது? எல்லாத்தையும் சொல்லு." நிறுத்தினால் "அப்புறம்?" அவ்வளவுதான். "நேத்து" என்று கேட்காதீர்கள், அந்த வயதில் அது போன வாரமாகவும் இருக்கலாம். "ஏன்" என்பதையும் ஒத்திப்போடுங்கள். பிள்ளைகள் "ஏன்" கேட்டுப் பழகியதெல்லாம் திட்டு வாங்கும்போதுதான். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால் முதல் பதில் தப்பு என்று நினைத்துக்கொண்டு சிலர் பதிலை மாற்றிவிடுவார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் சோதனைகளில் ஒரே கேள்வியை இருமுறை கேட்டதே சிக்கல் என்று 1974இல் ரோஸ், பிளாங்க் இருவரும் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, மேசை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற ஆய்வாளர்கள் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, அவர்களையே வழிகாட்டியாக்கிப் பள்ளியைச் சுற்றிவந்தார்கள். எடுத்த படங்களை வைத்துப் பிள்ளைகளே வரைபடமும் செய்தார்கள். உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அப்படி நடக்கும்போது ரெக்கார்டரை மட்டும் நம்பினால் வீட்டுக்கு வந்து கேட்கும்போது "இங்க... இது... இதுக்குள்ள போனா அவன் வர மாட்டான்" என்றுதான் இருக்கும். விரல் எங்கே காட்டியது என்பது ஒலியில் பதியாது. "ஓ, சறுக்குமரத்துக்கு அடியிலா?" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்.

அரைடிக்கெட்:

ஒலிநாடா அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது அந்தக் கையெழுத்து. அது பெற்றோரின் சம்மதம். பிள்ளையின் சம்மதத்தைப் பிள்ளையிடம்தான் வாங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. நெறியாளரிடம் வாதாட இது உதவும்.

"வேண்டாம்" என்று வாயால் சொல்லும் பிள்ளை அபூர்வம். பாத்ரூம் போகணும் என்னும், ஷூவை நோண்டும், நீங்கள் கேட்டதற்கு வேறு எதையோ சொல்லும். அதெல்லாம் "போதும்" என்பதுதான். நான் ரெக்கார்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று காட்டிவிடுவேன். விளையாட்டுக்காவது ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பார்கள், அப்போது உண்மையாகவே பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். யாரோ அடிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம், எப்படி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

தேன்சிட்டு:

மிக்க நன்றி இருவருக்கும். ஒரு பாப்பா தனியாக வர மாட்டேன், தோழியோடுதான் வருவேன் என்கிறாள். விடலாமா? கைப்பொம்மை வைத்துப் பேசலாமா?

பழைய ஒலிநாடா:

தாராளமாக விடுங்கள். "அப்படி இல்லடி, நீ அன்னிக்கு அழுதே" என்று ஒருத்தியை ஒருத்தி திருத்துவதில் நாம் கேட்டு வாங்க முடியாததெல்லாம் வரும். ஒருத்தியே பேசிக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பொம்மை உதவும், அது ஒன்றும் தெரியாத பொம்மையாக இருந்தால். "இவனுக்கு இந்தப் பள்ளிக்கூடம் புதுசு, எங்கே விளையாடணும்னு சொல்லிக் கொடு." ஆனால் "இந்தப் பொம்மைதான் நீ" என்று சொல்லி நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள். பொம்மையைத் தானாக நினைப்பது மூன்று வயதில் பலருக்கும் முடியாது என்று உளவியலாளர் ஜூடி டெலோச் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார். நாலு வயதிலும் நான் அதை நம்ப மாட்டேன்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் எழுத்துப்படியில் உங்கள் கேள்வியையும் வரிக்கு வரி போட்டுவிடுங்கள். பதிலை மட்டும் எடுத்துப் போட்டால், எது பிள்ளை சொன்னது, எது நீங்கள் வாயில் ஊட்டியது என்று தேர்வாளர் கேட்பார்.