“மேகம் சார்ந்த உணரி” சரிதானா?

வணக்கம்.

வீட்டுத் தன்னியக்கக் கையேட்டுக்கான கலைச்சொற் பட்டியலில் ஒரு சொல் இன்னும் சரியாக உட்காரவில்லை. கதவில் ஒட்டும் கம்பியில்லா உணரிகளில் (சென்சார்) ஒரு வகை இருக்கிறது. கதவு திறந்ததும் அது விழித்து, வீட்டு அருகலையில் (வைஃபை) சேர்ந்து, தயாரிப்பு நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் வழங்கிக்கு (சர்வர்) சேதி அனுப்பும். விளக்கை எரியவிடும் கட்டளை அந்த வழங்கியிலிருந்துதான் வீட்டுக்குத் திரும்பி வரும். மூன்றடி தள்ளியிருக்கும் விளக்குக்காக அந்தச் சேதி ஊரைச் சுற்றி வருகிறது. இணையம் அறுந்தால் விளக்கு எரியாது.

இப்படி வெளியே உள்ள வழங்கிகளை மேகம் (கிளவுட்) என்பதால், இதற்கு இப்போது பட்டியலில் இருப்பது “மேகம் சார்ந்த உணரி”. எனக்கு இதில் இரண்டு இடறல்கள். “சார்ந்த” என்பதற்குத் தொடர்புடைய என்றும் பொருள் கொள்ளலாம், அதை நம்பியே இருக்கிற என்றும் கொள்ளலாம். “கணினி சார்ந்த படிப்பு” என்றால் முதல் பொருள்தான் தோன்றும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அடுத்து, மேக உணரி என்று உண்மையாகவே ஒரு கருவி இருக்கிறது. வானாய்வுக் கூடங்களில் வானத்தின் அகச்சிவப்பு வெப்பத்தை அளந்து, மேகமூட்டம் உண்டா என்று சொல்லும் கருவி அது. இரண்டும் ஒரே பட்டியலில் வந்தால் குழப்பம்தான்.

மாற்றுச் சொல் சொல்லுங்கள்.

*

> மாற்றுச் சொல் சொல்லுங்கள்.

“வானம் பார்த்த உணரி” என்று வைக்கலாமே. வானம் பார்த்த பூமி என்றால் விளக்கவே வேண்டாம். மேலேயிருந்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்த உணரியின் நிலையும் அதேதான். வீட்டுத் தன்னியக்கக் கருவியான ரிவால்வின் வழங்கியை 2016 மே 15 அன்று நிறுத்தினார்கள். வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் அதன் மையப்பெட்டியை வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. அதே வகைச் சேவையான ஐரிஸ் 2019 மார்ச் 31 அன்று நின்றது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் வழங்கிகள் அணைந்தன. இந்த ஆபத்தைச் சொல்லே காட்ட வேண்டும்.

*

ஐயா, “வானம் பார்த்த” கேட்டதும் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதிலிருந்து பெயர்ச்சொல் ஆக்க முடியவில்லை. “இந்தக் கருவியில் கட்டுப்பாடு மட்டும் அப்படி, பதிவு அப்படியல்ல” என்று கையேட்டில் எழுத வேண்டி வந்தால் என்ன செய்வது?

நீங்கள் சொன்ன இன்ஸ்டியானையே எடுத்துக்கொள்வோம். அதன் கைபேசிச் செயலிதான் வழங்கியை நம்பியிருந்தது. நேரடியாக இணைத்து வைத்த சுவிட்சுகள் வழங்கி போன பிறகும் ஒன்றோடொன்று பேசின. ஒரே வீட்டில், ஒரே கருவியில், ஒரு வேலை வெளியே போய் வருகிறது, இன்னொரு வேலை உள்ளேயே முடிகிறது. ஆக, சொல் கருவிக்கு ஒட்டுவதைவிடச் சேதி போகும் பாதைக்கு ஒட்ட வேண்டும்.

என் முன்மொழிவு “முகில்வழி”. அஞ்சல்வழிக் கல்வி, தமிழ்வழிக் கல்வி என்று பழகிய நாக்குக்கு “முகில்வழிக் கட்டுப்பாடு” இடறாது. பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும்: “முகில்வழி உணரி”, “சேதி முகில்வழி வருகிறது”. இலங்கையில் முகில் கணிமை என்றே எழுதுகிறோம். தமிழகத்தில் மேகம் பரவலாக இருப்பது தெரியும். ஆனால் மேக உணரிக் குழப்பம் முகிலில் இல்லை. நாட்டு மருத்துவ நூல்களில் மேகம் ஒரு நோயின் பெயர் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

எதிர்ச்சொல்லாக “இல்வழி” வைக்கலாமா?

*

முகில்வழிக்கு என் ஒப்புதல். “இல்வழி” வேண்டாம். பழைய உரைகளில் அதற்கு “இல்லாதபோது” என்று பொருள். புதிதாகப் படிப்பவர்கூட “வழி இல்லை” என்றுதான் பிரிப்பார். “அகவழி” மனத்தைக் காட்டுகிறது. “உள்வழி” போதும்.

எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதற்குக் கையேட்டில் ஒரு சோதனை வேண்டும். அருகலை தரும் திசைவியை (ரவுட்டர்) அணைக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றி, அருகலையை ஓடவிட வேண்டும். பழைய இணைப்புகள் அறுந்துபோகப் பத்து நிமிடம் பொறுத்துக் கதவைத் திறக்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் முகில்வழி. எரிந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. உணரியின் பேட்டரியைக் கழற்றி மாட்டி, மையப்பெட்டியையும் அணைத்துப் போட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளேயே வேலை செய்துவிட்டு, மறுபடி கிளம்பும்போது வழங்கியைத் தேடும் பெட்டிகள் உண்டு. கடைசியாக, உணரியின் அமைப்பை முழுதாக அழித்து, புதிதாகப் பதிவுசெய்து சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாம் படியில் மட்டும் தோற்பவற்றுக்குத் தனிச்சொல் தேவையில்லை. “உள்வழி, பதிவு முகில்வழி” என்று எழுதினாலே விளங்கும்.

பேட்டரிக் கணக்கையும் சேர்க்க வேண்டும். அருகலைச் சில்லான ஈஎஸ்பி8266 ஆழ்ந்து தூங்கும்போது எடுப்பது சுமார் 20 மைக்ரோ ஆம்பியர். அனுப்பும் உச்சத்தில் 170 மில்லி ஆம்பியர் வரை போகும். ஒருமுறை விழித்து, அருகலையில் சேர்ந்து, மறையாக்க இணைப்பு ஏற்படுத்திச் சேதி அனுப்ப 5 விநாடி, சராசரி 80 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஏறத்தாழ 0.11 மில்லி ஆம்பியர் மணி. நாளுக்கு 40 தடவை திறக்கும் கதவுக்கு 4.4 மில்லி ஆம்பியர் மணி ஆகிறது. இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் 1000 இருந்தால் ஏழு மாதம். வெப்ப உணரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒரு மாதம்தான். அதனால்தான் இவை அடிக்கடி அனுப்புவதில்லை.

மறுமின்னேற்று பேட்டரி போட்டால் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட், சில்லுக்குக் குறைந்தது 2.5 வேண்டும். விழிக்கும்போதே விழுந்துவிடும். இணையம் இல்லாத நேரத்தில் விடாமல் முயன்று பேட்டரியைக் கரைக்கும் நிலைபொருள்களும் (கருவிக்குள் பதிந்த மென்பொருள்) உண்டு.

*

> இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் 1000 இருந்தால் ஏழு மாதம்.

இதற்குப் பக்கத்திலேயே, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்பியில்லா முறையான ஜிக்பீயையும் எழுதுங்கள். ஜிக்பீக்கான சிசி2652 சில்லு சாதாரண வலுவில் அனுப்பும்போது 7 மில்லி ஆம்பியர் அளவிலும், தூக்கத்தில் 1 மைக்ரோ ஆம்பியர் அளவிலும் எடுக்கும். அதனால்தான் 220 மில்லி ஆம்பியர் மணி உள்ள சிஆர்2032 நாணய பேட்டரியே ஓராண்டைத் தாண்டுகிறது.

ஆனால் ஜிக்பீ என்றாலே உள்வழி என்று யாரும் நம்பிவிடக் கூடாது. உணரி மையப்பெட்டியோடு ஜிக்பீயில் பேசும்; பெட்டி அங்கிருந்து வழங்கிக்குப் போய்வந்தால் அதுவும் முகில்வழிதான். அலை எது என்பதும் வழி எது என்பதும் வெவ்வேறு என்று சொல்விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். கடையில் மக்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உள்வழிக்கும் விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினி எப்போதும் ஓட வேண்டும். அதில் யூஎஸ்பி துளையில் செருகும் ஜிக்பீ செருகியும், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளும் வேண்டும். செருகியை யூஎஸ்பி 3 துளையில் நேரே குத்தினால் அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸை மூடிவிடும். யூஎஸ்பி 2 துளையில், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியோடு தள்ளி வைக்க வேண்டும். அருகலை 1ஆம் தடத்தில் (சேனல்) இருந்தால் ஜிக்பீயை 11 முதல் 14 வரை வைக்காமல் 20 அல்லது 25க்கு மாற்றலாம். பேட்டரி உணரிகள் அடுத்தவர் சேதியைக் கடத்தித் தரா. செங்கல் சுவர் இரண்டு தாண்ட வேண்டுமென்றால் நடுவில் மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக் ஒன்று தேவை.

*

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

முகில்வழி – சேதியோ கட்டளையோ வீட்டுக்கு வெளியே உள்ள வழங்கியைத் தொட்டே சேரும் முறை. வானம் பார்த்த பூமி போல, வெளித்தொடர்பு அறுந்தால் வேலை நிற்கும். கம்பியில்லா அலையின் வகையைப் பொறுத்தது அன்று.

உள்வழி – வெளி இணையம் இல்லாமலே வீட்டுக்குள் சேதி சேரும் முறை.

“வானம் பார்த்த” என்பதை விளக்கத்தில் விட்டிருக்கிறேன், அங்கே அது நன்றாக வேலை செய்கிறது. “மையப்பெட்டி” என்பதற்குப் பதில் யாழ்ப்பாணத்தார் வேலிவாசலுக்குச் சொல்லும் “படலை” பொருந்துமா? உள்ளும் வெளியும் சந்திக்கும் இடம் அதுதானே. தனி இழையில் எழுதுங்கள்.