இரவுப் பணியும் வீடும் இருக்க, முதல் நெடுந்தொலைவு டிரையத்லானுக்கு எப்படிப் பயிற்சி செய்வது?

கேள்வி: பாபநாசம் செவிலியர்

வணக்கம். எனக்கு வயது 36. பாபநாசத்தில் குடியிருந்து கும்பகோணத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி வரும். கணவர் விவசாயம் பார்க்கிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், மூட்டுவலியால் அதிகம் நடமாட முடியாத மாமியாரும் வீட்டில் இருக்கிறார்கள். இதுவரை இரண்டு அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். கோவாவில் நடைபெறும் பாதித் தொலைவு அயர்ன்மேனில், அதாவது 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டியில், கலந்துகொள்ள விரும்புகிறேன். சிறுவயதில் குடமுருட்டியில் நீந்தக் கற்றவள் நான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபின் ஆற்றிலேயே பழகலாமா? இரவுப் பணி வாரத்தில் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

பதில்: மன்னார்குடி ஆசிரியர்

ஆறு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் சட்ரஸ் என்று சொல்லும் நீரொழுங்கியில் எப்போது கதவைத் தூக்குவார்கள் என்பது கீழே நீந்துகிறவருக்குத் தெரியாது. அதையொட்டிய சுழலிலும், மணல் அள்ளிய பள்ளங்களிலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே சிக்கியிருக்கிறார்கள். தவிர, ஓடும் நீர் நம்மை இழுத்துச் செல்வதால், உண்மையில் எவ்வளவு தூரம் நம் கைகளால் நீந்தினோம் என்பதும் தெரியாமல் போய்விடும். நீச்சல் குளத்துக்குச் செல்லுங்கள். 25 மீட்டர் குளத்தில் 76 முறை கடந்தால் 1,900 மீட்டர் ஆகிறது. கடலில் சுவரும் இல்லை, அடியில் கோடும் இல்லை என்பதால், ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை தலையைச் சற்றே உயர்த்தி எதிரே உள்ள குறியைப் பார்த்து நீந்தும் பழக்கத்தைக் குளத்திலேயே உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

கடலில் பழக, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து அலை தணிந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தரங்கம்பாடிப் பக்கமோ நாகப்பட்டினம் பக்கமோ செல்லலாம். அன்றைய நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அங்குள்ள மீனவரிடம் கேட்டறியாமலும், துணைக்கு ஒரு படகு இல்லாமலும் இறங்காதீர்கள்.

பதில்: மயிலாடுதுறை, இரு பிள்ளைகளின் தாய்

உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோவாப் போட்டி வழக்கமாக அக்டோபர் அல்லது நவம்பரில் வருகிறது. அதற்கு முந்தைய எட்டு வாரங்களில்தான் பயிற்சி உச்சத்தைத் தொட வேண்டும். அதே வாரங்களில்தான் நம் ஊரில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அப்போது உங்கள் கணவர் வயலில் இருப்பார். பிள்ளைகளையும் மாமியாரையும் யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் இதைப் பேசாமல் விட்டதால், என் முதல் முயற்சியைச் செப்டம்பரிலேயே கைவிட நேர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மறு ஆண்டு நீண்ட சைக்கிள் பயணங்களில் பெரும்பகுதியை வயல் வேலை குறைந்த மார்ச் முதல் மே வரை, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டேன். கடைசி வாரங்களில் ஞாயிறு ஒன்று மட்டும் நீண்ட பயிற்சி, மற்ற நாட்களில் முக்கால் மணி நேரம் என்று குறைத்துக்கொண்டேன்.

இரவுப் பணி முடிந்த காலையில் தூங்குங்கள். தூக்கம் இல்லாமல் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுவதையும் ஓய்வு வாரமாகவே வைத்துக்கொண்டு, மாலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடினால் போதும். மாதத்தில் மூன்று வாரம் உழைத்து ஒரு வாரம் தளர்த்துவது பயிற்சியாளர்கள் பலரும் சொல்லும் முறைதான்.

பதில்: திருவாரூர்

சைக்கிள் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் சமவெளியில் ஏற்றம் கிடையாது, ஆகவே இறக்கமும் கிடையாது, 90 கி.மீ. தூரமும் கால் ஓயாமல் மிதித்தாக வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட நெல்லிலும் வைக்கோலிலும் டயர் வழுக்கும் என்பதால், விடிவதற்கு முன் விளக்கோடு கிளம்பினாலும் வேகத்தைக் குறைத்தே செல்லுங்கள்.

பலர் கால் வலுவிழந்து பாதியில் நிற்பதில்லை, சாப்பிடாமல்தான் நின்றுவிடுகிறார்கள். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. மீதியைக் கடலைமிட்டாயோ சர்க்கரை கலந்த நீரோ தரும். வியர்வையில் போகும் உப்புக்கு, நீங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலே ஏற்றது. போட்டியன்று உண்ணப்போவதை ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் உண்டு, வயிறு ஏற்கிறதா என்று பாருங்கள். சைக்கிளை நிறுத்தியவுடன் இருபது நிமிடம் ஓடியும் பழகுங்கள்; முதன்முறை அந்தக் கால்கள் உங்களுடையவை போலவே இருக்காது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரிடம் பேசினேன். செப்டம்பர், அக்டோபர் ஞாயிறுகளில் என் தங்கை வலங்கைமானிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். நீச்சல் குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் எது என்று நாளை பணிக்குச் செல்லும் வழியில் விசாரிக்கப் போகிறேன்.