நான்-ஹெர்மிஷியன் க்யூபிட்ல அனீலிங் பண்ணா நிஜமாவே வேகமா? தூக்கிப்போட்ட ஷாட்டையும் எண்ணணும்ல?

அலைவரிசை:
ஒரு வாரமா இதையே படிச்சிட்டிருக்கேன், அதான் தனி இழையா போடறேன். குவாண்டம் அனீலிங், 1998-ல கடோவாக்கியும் நிஷிமோரியும் எழுதுனது, எல்லா க்யூபிட்டையும் (0, 1 ரெண்டும் கலந்து இருக்கக்கூடிய குவாண்டம் பிட்) குறுக்குக் காந்தப்புலத்துல வச்சு ஆரம்பிச்சு அந்தப் புலத்தை மெதுவா குறைச்சுக்கிட்டே நம்ம கணக்கோட எனர்ஜியை ஏத்திட்டு வந்தா கடைசில எனர்ஜி ரொம்பக் கம்மியான கிரவுண்ட் ஸ்டேட்ல, அதாவது விடைல வந்து நிக்கும். எவ்ளோ மெதுவாங்கறதுதான் தலைவலி. நடுவுல ஒரு இடத்துல கிரவுண்ட் ஸ்டேட்டுக்கும் அடுத்த ஸ்டேட்டுக்கும் உள்ள எனர்ஜி இடைவெளி சுருங்கும், அது பாதியானா நேரம் நாலு மடங்கு. கஷ்டமான கணக்குல க்யூபிட் ஏற ஏற அந்த இடைவெளி எக்ஸ்பொனென்ஷியலா சுருங்கிடும். நெஸ்டெரோவும் பெர்மனும் 2012-ல, ஹாமில்டோனியன்ல (சிஸ்டத்தோட எனர்ஜியைச் சொல்ற கணித வடிவம்) வேணும்னே லாஸ், அதாவது கசிவு, சேர்த்தா, அதாவது நான்-ஹெர்மிஷியன் ஆக்குனா, குரோவர் தேடல்ல (ஒழுங்கில்லாத பட்டியல்ல ஒண்ணைத் தேடற குவாண்டம் முறை) இடைவெளி அப்படி ஒண்ணுமில்லாம போகாதுன்னு காட்டியிருக்காங்க. அனீலிங்குக்கு இதுதான் சரியான வழின்னு எனக்குத் தோணுது.

கணக்குப்புள்ள:
அதே பேப்பர்ல உயிர்பிழைக்கிற நிகழ்தகவு பத்தியும் பேசியிருக்காங்களே, அதை ஏன் விட்டுட்டீங்க? ஹெர்மிஷியன்னா மொத்த நிகழ்தகவு எப்பவும் 1. நான்-ஹெர்மிஷியன்ல அது கசிஞ்சுட்டே இருக்கும். கசிஞ்சதெல்லாம் தோத்துப்போன ஷாட் (ஷாட்னா ஒரு தடவை ஓட்டிப் பாக்கறது), தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை மட்டும் பாத்து "வேகமா வந்துருச்சு"ன்னு சொன்னா எப்படி? குரோவர் தேடலுக்கு ஆகற படிகள் பட்டியல் அளவோட வர்க்கமூலத்துக்குக் கீழ போகவே முடியாதுன்னு நிரூபிச்சாச்சு. லாஸ்ங்கறதும் ஒரு பெரிய யூனிட்டரி (எதுவும் கசியாத குவாண்டம் இயக்கம்), அதுக்கப்புறம் ஒரு அளவீடு, அவ்ளோதான், அதனால தூக்கிப்போட்டதையும் எண்ணுனா அந்த வரம்பு இதுக்கும் பொருந்தும். போஸ்ட் செலக்‌ஷன் (வேணாத ஷாட்டைத் தூக்கிப்போட்டு மிச்சத்தை மட்டும் பாக்கறது) இலவசம்னு வச்சுக்கிட்டா குவாண்டம் கம்ப்யூட்டர் பிபிங்கற ரொம்பக் கஷ்டமான வகைக் கணக்கு முழுக்க தீர்த்துடும்னு கம்ப்யூட்டர் தியரிக்காரர் ஆரன்சன் காட்டிட்டாரு. இயற்கை அப்படி சும்மா எதையும் தராது.

மில்லிகெல்வின்:
லேப்ல எப்படி செய்றாங்கன்னு சொல்றேன், இது தெரியாம பேசுனா ரெண்டு பேரும் காத்துலயே சண்டை போடுவீங்க. 2019-ல செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யூனிவர்சிட்டில மர்ச் குரூப் ஒரு டிரான்ஸ்மானோட (சூப்பர்கண்டக்டர் சர்க்யூட்) மூணு எனர்ஜி லெவல எடுத்துக்கிட்டாங்க. மேல ரெண்டு லெவல்தான் க்யூபிட், அதுல கீழ்ப்பக்கத்து லெவல் வேகமா அடிமட்டத்துக்கு விழற மாதிரி செட் பண்ணி, அடிமட்டத்துக்கு விழுந்த ஷாட்டையெல்லாம் ஒதுக்கிட்டு மிச்சத்தைப் பாத்தாங்க. எக்ஸெப்ஷனல் பாயிண்ட், அதாவது சிஸ்டத்தோட ரெண்டு ஐகன்ஸ்டேட்டும் (தன் வடிவம் மாறாத ஸ்டேட்) ஒண்ணா ஒட்டிக்கிற இடம், அதைத் தாண்டிப் போறதையே நேரடியா அளந்தாங்க. அந்த மாதிரி ரெண்டு க்யூபிட்டை இன்டராக்ட் பண்ண விட்டா அந்தப் புள்ளி பக்கத்துல என்டாங்கிள்மென்ட் (ரெண்டு க்யூபிட்டும் பின்னிப் பிணையறது) சீக்கிரம் உருவாகும்னு 2023-ல ஒரு பேப்பர் வந்துச்சு. இன்னொண்ணு, டி-வேவ் கம்பெனியோட அனீலிங் மெஷின்லயும் லாஸ் இருக்கே, அதுவும் இதுதானேன்னு சிலர் நினைக்கிறாங்க. இல்ல. அங்க விழுந்தது மறுபடி வெப்பத்துல ஏறும், இறங்கும், யாரும் ஒதுக்கறதில்ல.

அலைவரிசை:
கணக்குப்புள்ள, சாதா அனீலிங்ல மட்டும் ஒரே ஷாட்ல விடை வருதா என்ன? அங்கயும் 99 சதவீத உறுதிக்கு எத்தனை தடவை ஓட்டணும்னுதான் எண்றோம். நான் சும்மா ஒரு நம்பர் வச்சுப் பாக்கறேன். சாதா ஓட்டம் 10 மைக்ரோசெகண்ட், ஜெயிக்கிற வாய்ப்பு பாதி: 7 தடவை, மொத்தம் 70. லாஸ் வச்ச ஓட்டம் 1 மைக்ரோசெகண்ட், பிழைக்கிறது 0.2, பிழைச்சதுல சரியானது 0.9: 24 தடவை, மொத்தம் 24. தூக்கிப்போட்டதையும் சேர்த்து எண்ணியாச்சு, இன்னும் ஜெயிக்குதே! கோஹீரன்ஸ் நேரத்தை (க்யூபிட் தன் குவாண்டம் தன்மையை இழக்காம இருக்கற நேரம்) நம்மால இழுக்க முடியாது, ஷாட் எத்தனை வேணா போடலாம்.

கணக்குப்புள்ள:
அது ரெண்டு க்யூபிட்டுக்கான நம்பர் மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணும் தனித்தனியா கசிஞ்சா பத்து க்யூபிட்டுக்கு பிழைக்கிறது 0.2-ஐ அஞ்சு தடவை பெருக்கணும், 0.00032. கிட்டத்தட்ட 16,000 ஷாட். இன்னும் எளிமையாவே பாருங்க. லாஸை முழுசா கணக்கோட எனர்ஜி மேலயே வச்சு, தப்பான விடையெல்லாம் செத்துப்போற மாதிரி பண்றீங்கன்னு வைங்க. எல்லா விடையும் சமமா கலந்த ஸ்டேட்ல ஆரம்பிச்சா, 20 க்யூபிட்டுக்குக் கடைசில பிழைக்கிறது 10,48,576-ல ஒண்ணு. கண்ணை மூடிட்டு ஒரு விடையைத் தொடறதுக்கும் இதே வாய்ப்புதான். வடிகட்டறதால மட்டும் ஒண்ணும் வேகம் வரல.

மில்லிகெல்வின்:
இந்த உதாரணம் சரி. அடிமட்டத்துக்கு விழுந்துச்சா இல்லயான்னு பாக்கற ரீட்அவுட்லயும் பிழை வரும், க்யூபிட் கூடக் கூட அதுவும் பெருகும், அதையும் சேர்த்துக்கோங்க.

அலைவரிசை:
தனித்தனியா கசியற கணக்கை ஒத்துக்கறேன், சின்ன நம்பர வச்சு பெருசா பேசிட்டேன். ஆனா நீங்க சொன்ன கடைசி கேஸ்ல குறுக்குப்புலமே இல்ல, லாஸ் மட்டும்தான். நான் கேக்கறது ரெண்டும் கலந்தது. ஓட்டம் முழுக்க லாஸ் எதுக்கு, இடைவெளி சுருங்கற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுட்டு அணைச்சா கசியறதும் கம்மி. வரம்பை உடைக்க முடியாதுதான், ஆனா சாதா அனீலிங் அந்த வரம்பையே எல்லாக் கணக்குலயும் தொடறதில்லயே, நடுவுல இடம் இருக்கு.

கணக்குப்புள்ள:
இது நியாயமான கேள்வி, ஆரம்பத்துலயே இப்படிக் கேட்டிருந்தா நான் இவ்ளோ கத்தியிருக்க மாட்டேன். ஆனா இடைவெளி எங்க சுருங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியணும். தெரிஞ்சா சாதா அனீலிங்கயும் அந்த இடத்துல மட்டும் மெதுவா ஓட்டலாம், குரோவர்ல அப்படி ஓட்டித்தான் வர்க்கமூல வேகமே கிடைச்சுது. அதோட ஒப்பிடுங்க, ஒரே சீரா ஓட்டுனதோட ஒப்பிடாதீங்க.

அலைவரிசை:
சரி, கிராஃப்ல அந்த இடத்துல மெதுவா ஓட்டற சாதா அனீலிங்குக்கும் ஒரு கோடு போடறேன். 4, 6, 8, 10 க்யூபிட், தூக்கிப்போட்ட ஷாட் சேர்த்து மொத்த நேரம். மில்லிகெல்வின், ரீட்அவுட் பிழைக்கு எந்த நம்பர் வச்சா நிஜத்துக்குக் கிட்ட வரும்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாக்கறேன்.