யூடியூப் சேனலுக்கு மீடியா லயபிலிட்டி பாலிசி: கேரள, ஆந்திர எல்லைப் பக்கம் கிளெய்ம் எங்கே சிக்குது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்
மீடியா லயபிலிட்டி பாலிசின்னா, நம்ம வீடியோவால யாராவது கேஸ் போட்டா வக்கீல் செலவையும் நஷ்டஈட்டையும் பார்த்துக்கற இன்சூரன்ஸ். நம்ம பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலூகாவில கள்ளுக்கடைக் கலப்படம்னு கடை போர்டு தெரிய வீடியோ போட்டா, லைசென்ஸ்காரர்கிட்ட இருந்து வக்கீல் நோட்டீஸ் வரும். 7 நாள், 15 நாள்னு கெடு இருக்கும். பதில் எழுதுறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போயிடணுங்க. அவங்க எழுத்துல சம்மதம் தராம செஞ்ச வக்கீல் செலவைப் பெரும்பாலும் கழிச்சிடுவாங்க. "தெரியாம போட்டுட்டோம், மன்னிச்சிருங்க"ன்னு கடைக்காரருக்கு வாட்ஸப்ல அனுப்புறதும் கூடாது. கம்பெனியக் கேக்காம பொறுப்பை ஒத்துக்கக்கூடாதுங்கறது நிபந்தனை. எடிட் பண்ணாத மூல வீடியோவை அழிச்சிறாதீங்க, கோர்ட்ல அதுதான் சாட்சி.

பாலிசி யார் பேர்லன்னும் பாருங்க. சேனல் பேர் மட்டும் இருந்தா சட்டத்துல அப்படி ஒரு ஆளே கிடையாது. உரிமையாளர் பேர் வேணும். தினக்கூலிக்கு வர்ற கேமராமேனும் காப்புக்குள்ள வர்றாரான்னு கேட்டு வாங்குங்க.

வாளையாறு
இங்க ஏஜென்ட்கள் லாரி பாலிசி எழுதியே பழகினவங்க. லாரிக்கு விபத்து நடந்த தேதி கணக்கு. இதுல நோட்டீஸ் கைக்கு வந்த தேதியில பாலிசி உயிரோட இருக்கணும், அதோட வீடியோ ஏத்துன தேதி ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு (எந்தத் தேதியில இருந்து போட்ட வீடியோவுக்குக் காப்புன்னு பாலிசியில எழுதியிருக்கறது) பின்னாடியும் இருக்கணும். பாலிசியும் ரெட்ரோ தேதியும் 2024 ஏப்ரல் 1-ல தொடங்குதுன்னு வைங்க. 2023 டிசம்பர் வீடியோவுக்கு 2024 ஜூன்ல நோட்டீஸ் வந்தா ஒண்ணும் கிடைக்காது.

அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட 1 வருஷம்தான் கெடு, காப்பிரைட்டுக்கு 3 வருஷம். அதனால ரெட்ரோ தேதி 3 வருஷமாவது பின்னாடி போகணும். கம்பெனி மாத்தினா பழைய ரெட்ரோ தேதியவே புது பாலிசியில போடச் சொல்லுங்க. யாராவது "கேஸ் போடுவேன்"னு மிரட்டியிருந்தா, பாலிசி முடியறதுக்குள்ள அதை எழுத்துல தெரிவிச்சிருங்க. மறைச்சுப் புதுப்பிச்சா, பின்னால அதையே காரணமாக் காட்டிக் கைவிரிச்சிடுவாங்க.

செங்கோட்டை
காப்பிரைட் புகார்ல யூடியூப் ஸ்ட்ரைக் (சேனலுக்கு எச்சரிக்கை) வந்தாலே கிளெய்ம் ஆயிடாது அண்ணே. 90 நாளுக்குள்ள 3 ஸ்ட்ரைக் விழுந்து சேனலே போனாலும், அந்த வருமான இழப்பை இந்த பாலிசி தராது. மலையாளப் பாட்டை பின்னணியில ஓட விட்டா, உரிமைக்காரர் தன் தலைமை அலுவலகம் இருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், காப்பிரைட் சட்டம் 62-ஆம் பிரிவு இடம் கொடுக்குது. செங்கோட்டையில இருந்துக்கிட்டு எர்ணாகுளத்துக்கு அலையணும்.

பலர் கவனிக்காதது கவுன்டர் நோட்டிபிகேஷன், அதாவது ஸ்ட்ரைக்கை எதிர்த்து நாம யூடியூப்புக்கு அனுப்புற மறுப்பு. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கறவங்க யூடியூப் இருக்கிற பகுதியோட அமெரிக்க கோர்ட் அதிகாரத்துக்குச் சம்மதிக்கறோம்னு அதுல ஒரு வரி வரும். பாலிசியில "இந்தியா மட்டும்"னோ "அமெரிக்கா, கனடா நீங்கலாக"ன்னோ இருந்தா அங்க போடுற வழக்குக்குக் காப்பு இல்ல. அனுப்பறதுக்கு முன்னாடி பாலிசியில அந்தப் பக்கத்தை ஒருதடவை வாசிச்சிருங்க.

பாலக்காடு
கிரிமினல் அவதூறு இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 356. அதிகபட்சம் 2 வருஷம் சாதா சிறை. அபராதத்தை எந்த பாலிசியும் கட்டாது. வாதாடற செலவு மட்டும், அதுவும் பாலிசியில எழுதியிருக்கற வார்த்தையைப் பொறுத்து. இப்ப புகாரை எடுத்துக்கறதுக்கு முன்னாடியே மாஜிஸ்திரேட் எதிர்த்தரப்பையும் கேக்கணும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 223). பொள்ளாச்சிக்காரர் மேல சித்தூர்ல புகார்னா, ஆள் எல்லைக்கு வெளியே இருக்கறதால விசாரிச்சுட்டுத்தான் சம்மன் அனுப்பணும் (225). மலையாளத்துல நோட்டீஸ் வந்தா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காம அன்னிக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க.

நகரி
வக்கீல் செலவு காப்புத் தொகைக்குள்ளயா வெளியிலயான்னு பாருங்க. 50 லட்சம் பாலிசியில வாதாட 12 லட்சம் போனா, நஷ்டஈட்டுக்கு 38தான் மிச்சம். டிடக்டபிள் (முதல்ல நாமே போடவேண்டிய தொகை) 1 லட்சம்னா, நோட்டீஸுக்குப் பதில் எழுதுற சின்னச் செலவெல்லாம் நம்ம பாக்கெட்தான். சின்னச் சேனலுக்கு டிடக்டபிள் கம்மியா இருக்கறதுதான் முக்கியம், பெரிய தொகையக் காட்டி மயக்குவாங்க. காசு வாங்கிப் பொய் விளம்பரம் செஞ்சா மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவைக்குப் போடுற 10 லட்சம் வரையான அபராதம், அதுவும் சொந்தக் காசு.

வாளையாறு
கிளெய்மைத் தள்ளினா முதல்ல கம்பெனிக்கே எழுதணும். 1 மாசத்துல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ 1 வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) கிட்ட போலாம். தனி உரிமையாளர், குறுந்தொழில்னா சேர்த்துக்குவாங்க, உச்சவரம்பு 50 லட்சம், கட்டணம் இல்ல. கேரளாவுக்குக் கொச்சி, நம்ம தமிழ்நாட்டுக்குச் சென்னை, ஆந்திராவுக்கு ஹைதராபாத்.