பெரியப்பா கேட்ட ரெண்டு புத்தகம்

பெரியப்பா: படிக்க ரெண்டு புத்தகம் சொல்லுங்க. புதுசா இருக்கணும். சும்மா புலம்புற சமூகப் புத்தகம் வேணாம்.

நான்: 'இன்விசிபிள் விமன்' படிச்சிட்டீங்களா பெரியப்பா? கார் மோதல் சோதனைக்கு வெக்கிற பொம்மையைக்கூட ஆம்பளை உடம்பு அளவுலதான் செஞ்சு வெச்சிருந்தாங்கன்னு வருமே.

பெரியப்பா: அது 2019ம்மா. புதுசு கேட்டேன்.

அண்ணன்: அப்போ ப்ரையன் கோல்ட்ஸ்டோன் எழுதின 'தேர் இஸ் நோ ப்ளேஸ் ஃபார் அஸ்'. 2025ல வந்தது. அமெரிக்காவுல அட்லாண்டா ஊர்ல அஞ்சு குடும்பம். எல்லாரும் வேலைக்குப் போறவங்க, ஆனா வீடு கிடையாது.

பெரியப்பா: சம்பளம் வருது, வீடு இல்லையா? அதெப்படிடா?

அண்ணன்: வாடகை ஏறுற வேகத்துக்குச் சம்பளம் ஏறல. வாடகை பாக்கின்னு ஒரு தடவை கோர்ட் ரெக்கார்டுல பேர் ஏறிட்டா அடுத்த வீட்டுக்காரர் சேர்க்கறதே கஷ்டம். கடைசில வார வாடகைக்கு ஒரு ஹோட்டல் ரூம். இதுல கொடுமை என்னன்னா, சொந்தக் காசுல ஹோட்டல்ல கிடக்கறவங்களை அரசாங்கத்தோட வீடில்லாதவங்க கணக்கெடுப்புல எண்ணுறதே இல்ல. தெருவுலயும் ஷெல்டர்லயும் இருக்கறவங்கதான் கணக்குல வருவாங்க.

சித்தி: கணக்குல வரலைன்னா உதவியும் வராதே.

அண்ணன்: அதேதான் சித்தி. புலம்பலே இல்ல, நாவல் மாதிரி ஓடும்.

அத்தை: நாவல் மாதிரி எதுக்கு, நாவலே படிங்கண்ணா. ஹான் காங்கோட 'ஹ்யூமன் ஆக்ட்ஸ்'. கொஞ்சம் பழசு, பரவால்ல. 1980 மே, தென்கொரியாவுல க்வாங்ஜு. ஜனங்க மேல ராணுவம் சுட்டது.

சித்தி: நோபல் வாங்கினவங்கதானே? எல்லாம் வாய்ல நுழையாத பேரா வருமே அண்ணி.

அத்தை: முதல் அத்தியாயம் மட்டும் படிச்சுப் பாரு. ஒரு ஸ்கூல் பையன். சவம் வர வர நோட்டுல எழுதறான். ஆணா பொண்ணா, வயசு என்ன இருக்கும், என்ன டிரெஸ், என்ன ஷூ. காணாமப் போன சிநேகிதனைத் தேடி வந்தவன், அங்கயே வேலைல நின்னுடறான்.

பெரியப்பா: நடந்ததா, கற்பனையா?

அத்தை: துப்பாக்கிச்சூடு நடந்ததுதான். ஹான் காங் பிறந்ததே க்வாங்ஜுல. அவங்க குடும்பம் ஊரை விட்டுப் போய் நாலு மாசத்துல இது நடந்திருக்கு. ராத்திரி படிக்காதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

அண்ணன்: இன்டர்நேஷனல் புக்கர் பரிசு வாங்கின நாவல் 'ஹார்ட் லாம்ப்' சொல்லலையே அத்தை?

அத்தை: அது நாவல் இல்லடா, 12 சிறுகதை. பானு முஷ்டாக் கன்னடத்துல எழுதினதை தீபா பாஸ்தி இங்கிலீஷ் பண்ணினாங்க. பரிசு 50,000 பவுண்டும் ரெண்டு பேருக்கும் சரிபாதி. முஸ்லிம் குடும்பத்துப் பொண்ணுங்க கதை. கோபமும் இருக்கு, நக்கலும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பெரியப்பா: சரி, முதல்ல அட்லாண்டா. அடுத்தது கொரியா.

சித்தி: அண்ணி, கொரியா புத்தகத்தை முதல்ல எனக்குக் கொடுங்க. பேரெல்லாம் சமாளிச்சுக்கறேன்.

அத்தை: போன தடவை வாங்கிட்டுப் போனது எங்க?