24 மாதக் காண்ட்ராக்ட்டில் போன் எடுப்பதா, முழுக் காசு கொடுத்து வாங்குவதா?

ஜூரோங் அம்மா:
வணக்கம். மகளுக்கு ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரி தொடங்குகிறது. அவளுடைய பழைய போனில் பேட்டரி மதியம் வரைகூட நிற்பதில்லை, அதனால் புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். போன வாரம் கடையில் விசாரித்தோம். 1,299 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனை 459 வெள்ளிக்கே தருகிறார்களாம், ஆனால் மாதம் 70 வெள்ளி பிளானில் 24 மாதம் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் 840 வெள்ளி மிச்சம், யோசிக்காமல் கையெழுத்துப் போடு என்கிறார். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்கள் யாராவது உண்மையில் எது மலிவு என்று சொல்லுங்களேன்.

தெம்பனிஸ் கணக்கர்:
அக்கா, போன் விலையை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு வருடத்தில் உங்கள் கையைவிட்டு மொத்தம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 70 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 1,680, அதோடு போனுக்கு 459, ஆக 2,139 வெள்ளி. இப்போது மறுபக்கம் பாருங்கள். போனை முழுக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, காண்ட்ராக்ட் இல்லாத சிம் மட்டும் பிளான் எடுத்தால் மாதம் 20 வெள்ளிக்குள்ளேயே 100 ஜிபி டேட்டா கிடைக்கிறது. 18 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் 24 மாதத்துக்கு 432, போனோடு சேர்த்து 1,731. காண்ட்ராக்ட்டில் 408 வெள்ளி கூடுதலாகப் போகிறது.

அந்த 840 வெள்ளியை யாரும் சும்மா தள்ளிவிடவில்லை. அதை உங்களுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு மாதம் 52 வெள்ளி (70 கழித்தல் 18) என்று திரும்ப வாங்குகிறார்கள், மொத்தம் 1,248. இதையே வட்டியாகப் போட்டுப் பார்த்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 3.4 விழுக்காடு வருகிறது, அதாவது வருடத்துக்கு 40 விழுக்காட்டுக்கு மேல். இங்கே உரிமம் பெற்ற கடன்கொடுப்போருக்கே சட்டப்படி உச்சவரம்பு மாதம் 4 விழுக்காடுதான். போன் கடன் அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, ஆனால் பில்லில் வட்டி என்ற சொல்லே இருக்காது. வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உட்லண்ட்ஸ் குமார்:
கணக்கு சரிதான், ஆனால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது அண்ணா. 70 வெள்ளி பிளானில் பெரும்பாலும் வெளிநாட்டு ரோமிங் டேட்டாவும் சேர்ந்தே வரும். நான் வேலை விஷயமாக ஜொகூருக்கும் பாத்தாமுக்கும் அடிக்கடி போய்வருகிறவன், தனியாக ரோமிங் வாங்கினால் எனக்குச் செலவு அதிகம், அதனால் அந்த 52 வெள்ளி முழுவதையும் வட்டி என்று சொல்லமாட்டேன். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு? வீட்டிலும் கல்லூரியிலும் வைஃபை இருக்கிறது. பிள்ளை மாதம் எத்தனை ஜிபி செலவழிக்கிறாள் என்று இப்போதைய பில்லிலேயே பாருங்கள் அக்கா, அதுதான் முதல் வேலை.

தேக்கா வாசி:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 24 மாதம் முடிந்ததும் பில் தானாகக் குறையாது. போனுக்கான கடன் தீர்ந்துபோயிருக்கும், ஆனாலும் நீங்களாகப் போய் பிளானை மாற்றாதவரை அதே 70 வெள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். கைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி, கட்டுகிறவர்கள் கவனிப்பதே இல்லை. எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி, மகன் எடுத்துக்கொடுத்த காண்ட்ராக்ட் எப்போதோ முடிந்தும் பழைய தொகையையே கட்டிவந்தார், பேத்தி பில்லை எடுத்துப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். கடைக்காரர் கையெழுத்து வாங்கும்போது 'முதல் மாதம் இலவசம்' என்று போன் காப்புறுதி மாதிரி ஏதாவது சேர்ப்பார், அந்த மாதம் முடிந்ததும் அது நின்றுவிடுமா, காசு எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். காகிதத்தில் எதெதற்கு டிக் போட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துவிட்டு, வேண்டாததை அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள்.

எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் என்ற வேலை அனுமதிகளில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தம்பிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடையில் வேலை போய் ஊருக்குத் திரும்ப நேர்ந்தால், காண்ட்ராக்ட்டை முறித்ததற்கான தொகை பெரிதாக வரும். அது எவ்வளவு, மாதம் போகப் போக எப்படிக் குறையும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜூரோங் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. பில்லைப் பார்த்தேன், மகள் மாதம் 30 ஜிபிகூடத் தாண்டவில்லை. வீட்டுக்காரரும் 2,139 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். ஆனால் 1,299 வெள்ளியை ஒரே மூச்சில் எடுத்து வைப்பது இந்த மாதம் சிரமம், கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டும். அப்புறம் மகளின் நம்பர் மாறக்கூடாது என்கிறாள், அவள் இப்போது இருப்பது வேறு நிறுவனத்தில்.

தெம்பனிஸ் கணக்கர்:
அப்படியென்றால் போன் கடையிலேயே கிரெடிட் கார்டுக்கு வட்டியில்லாத் தவணை உண்டா என்று கேளுங்கள். 12 மாதத்துக்குப் போட்டால் மாதம் 108 வெள்ளி சில்லறை வரும். நடைமுறைக் கட்டணம் என்று எதையாவது சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், சேர்த்தால் அதையும் விலையில் கூட்டிப் பாருங்கள். தவணையை மட்டும் ஒருநாளும் தவறவிடாதீர்கள், தவறினால் கார்டு வட்டி 27, 28 விழுக்காடு என்று ஏறிவிடும். 108 அதிகம் என்று தோன்றினால் அதே போனின் போன வருட மாடலைப் பாருங்கள், கல்லூரிக்கு அது தாராளமாகப் போதும்.

நம்பரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2008லிருந்தே இங்கே நம்பரை மாற்றாமல் நிறுவனம் மாறலாம். ஆனால் பழைய லைனை நீங்களாக முதலில் ரத்து செய்துவிடாதீர்கள், செய்தால் நம்பர் போய்விடும். புது சிம்முக்குப் பதியும்போதே இந்த நம்பர்தான் வேண்டும் என்று கொடுங்கள், மாற்றம் முடிந்ததும் பழைய லைன் தானாக நின்றுவிடும். அந்த லைனில் ஏதாவது காண்ட்ராக்ட் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா.